நீல ஒயரின் இரண்டு முனைகள்

எங்கள் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்தவரை எல்லோரும் ஒயர்க்காரர் என்போம். வயது ஐம்பதைத் தொடும். தொடக்கத்தில் அவர் மாட்டியது ஹப். ஒரு கம்ப்யூட்டர் எதை அனுப்பினாலும் மற்ற எல்லாவற்றுக்கும் அது தள்ளிவிடும். வேலை பெருகியதும் அதைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் என்ற வேறொரு இணைப்புப் பெட்டியை வைத்தார். "இது ஆளைத் தெரிஞ்சு கொடுக்கும்மா," என்று ரிப்போர்ட் டைப் செய்யும் எனக்கு விளக்கினார். தன் கை பட்டது தப்பாகாது என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டர்களைப் போட்ட சற்று நேரத்தில் எல்லாத் திரைகளும் அசையாமல் நின்றுவிட்டன. வரவேற்பறையில் கூட்டம் நெருக்கியடித்தது. "என்னய்யா ஆச்சு?" என்று மேலாளர் கத்த, ஒயர்க்காரர் ஓடி வந்தார். ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே தரை ஈரமாயிருந்தது. உடனே தரை துடைக்கும் அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒயரை இழுத்துட்டியா?"

"நான் அதைத் தொடவே இல்லீங்க."

"தொடாம தானா நிக்குமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அத்தனை பேர் முன்னால் அக்காவின் முகம் சுண்டிப்போனது. மேலாளர் அவரை மேல்மாடிக்கு மாற்றினார்.

பிறகுதான் ஒயர்க்காரர் பெட்டியைத் திறந்தார். விளக்குகள் வெறிபிடித்ததுபோல் மின்னின. ஒரு நீல ஒயரின் இரண்டு முனைகளும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தன. போன தகவல் அதன் வழியே திரும்பி வந்து, மறுபடி போய், சுற்றிச் சுற்றிப் பாதையையே அடைத்திருந்தது. சனிக்கிழமை எல்லோரும் போனபின், பெட்டியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தொங்கிய முனையைச் செருகியது அவரேதான்.

ஒரு முனையைப் பிடுங்கினார். திரைகள் உயிர்பெற்றன. "கில்லாடிய்யா நீ!" என்று மேலாளர் முதுகில் தட்டினார். ஒயர்க்காரர் பெட்டியை மூடிவிட்டு நகர்ந்தார்.

இரண்டு நாள் அக்காவின் கண்ணில் படாமல் பின்படிக்கட்டில் ஏறி இறங்கினார். வீட்டிலோ மனைவி தன் தங்கையிடம் போனில், "அஞ்சே நிமிஷத்துல சரிபண்ணிட்டாராம் உங்க மாமா," என்று பெருமையடிக்க, கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாராம். அவரே பின்னால் என்னிடம் சொன்னது.

புதன்கிழமை மேலே போனார். "அக்கா, தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அக்கா துணியைப் பிழிந்தபடியே கேட்டார்: "திட்டுனது ஊரறிய. மன்னிப்பு மட்டும் காதோடயா?"

ஒயர்க்காரர் நேரே கீழே வந்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று, நடந்ததை மேலாளரிடம் உரக்கச் சொன்னார்.

"சரி விடுய்யா, இப்ப ஓடுதில்ல?"

"விடறதுக்கில்ல சார். அவங்களைக் கூப்பிட்டு நீங்களும் சொல்லணும்."

மேலாளர் அக்காவை வரவழைத்து, போனைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். "சரிங்க," என்ற அக்கா, ஒயர்க்காரரை ஏறிட்டும் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாளே அக்கா கீழ்த்தளத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது எது நின்றாலும் ஒயர்க்காரர் யாரையும் கேட்பதில்லை. முதலில் பெட்டியைத் திறக்கிறார். தினமும் அக்காவுக்கு வணக்கம் சொல்கிறார். அக்கா சில நாள் தலையாட்டுவார், சில நாள் ஆட்டமாட்டார்.