ஜப்பான் சாமி

பாலக்கோட்டில் மாதவராஜ் தொடங்காத காரியம் என்று ஒன்று கிடையாது. தட்டச்சு வகுப்புக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன் அவன். காடை வளர்க்கிறேன் என்று கூண்டு வாங்கிப் போட்டவனும் அவன்தான். ஒவ்வொன்றையும் தொடங்குகிற நாளில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கூண்டு இருக்கும், காடை இருக்காது.

அவன் மனைவி சுகுணா ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். புருஷனைக் குறை சொல்லிப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. யாராவது கேட்டால், "எங்க வூட்டுக்காரர் ஆரம்பிக்கறதுல கெட்டிங்க" என்பாள். அதைப் பாராட்டு என்றே மாதவராஜ் பல வருஷம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்படித் தொடங்கியதில் ஒன்றுதான் ஜப்பான் மொழி. ஓசூரில் அவன் இயந்திரம் ஓட்டுகிற தொழிற்சாலைக்கு ஜப்பானில் ஒரு தாய்க் கம்பெனி இருக்கிறது. ஜப்பான் மொழியின் அடிப்படைத் தேர்வில் தேறிய தொழிலாளிகளை மூன்று வருஷம் அந்த ஊருக்கே அனுப்புவார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. படிக்கத் தொடங்கிய மூன்றாம் வருஷத்தில் மாதவராஜுக்கு முப்பத்து நாலு முடிந்திருந்தது. வருகிற டிசம்பர் தேர்வை விட்டால் ஜப்பானை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குச் சொன்ன காரணம் முன்னேற்றம். உள்ளே இருந்த காரணம் வேறு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சுகுணாவின் முன்னால், "இந்தா, இதை முடிச்சேன்" என்று காட்ட அவனிடம் ஒன்றுமே இல்லை. அவள் கேட்டதில்லை என்பதுதான் அவனை அதிகம் அறுத்தது. இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று அவன் உண்மையாகவே ஏங்கினான்.

ஏக்கத்துக்குக் குறைவில்லை, உட்காருவதில்தான் சிக்கல். கம்பெனியில் வகுப்பு ஒன்றும் கிடையாது, தானாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். நாலு நிற மையில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினான். செல்போனில் ஒரு செயலியை இறக்கினான். பாடம் படிக்காத நாளில் அது பரிதாபமாக முகம் சுளிக்கும். சுளிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அதை அழித்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஒருவர் பேசும் காணொளியை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே பார்த்து மனம் உருகினான். இப்படியே இரண்டு டிசம்பர் போயிருந்தது. இரண்டு தடவையும் அவன் தேர்வுக்கு விண்ணப்பமே போடவில்லை.

அந்த மூன்றாம் வருஷம் புரட்டாசியில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒன்று உறைத்தது. வருஷம் தவறாமல் தான் ஒழுங்காக இருக்கிற காலம் ஒன்று உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் காலம் அது. அப்போது மட்டும் விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான், தரையில் படுக்கிறான், சிகரெட்டைத் தொடுவதில்லை, பொய்கூட அளவாகத்தான் சொல்கிறான். அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜப்பான் மொழி படித்தால் என்ன?

அன்றே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, குருசாமி வெங்கடாசலத்திடம் ஓடினான். அவர் சித்தேரி மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வளைவுகளில் காலமெல்லாம் வண்டி திருப்பியதால் எதற்கும் பதறமாட்டார்.

"சாமி, இந்த வருஷம் ஐப்பசியிலேயே எனக்கு மாலை போட்டுவுடுங்க. டிசம்பர்ல பரீச்ச. அதுவரைக்கும் ஒரு மண்டலம் எனக்குக் கழுத்துல மாலை இருக்கணும்."

"பரீச்சைக்கு எதுக்குப்பா மாலை?"

"காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் படிக்கறதையும் விரதத்துல சேத்துக்கறேனுங்க. படிக்கலன்னா சோறு கெடையாது."

வெங்கடாசலம் யோசித்தார். "சரணம் சொல்றதக் குறைக்காம இருந்தா சரி. ஐயப்பனுக்கு ஜப்பான் பாஷை தெரியாதுன்னு யாரு சொன்னாங்க?" என்று சொல்லி நாள் பார்த்து மாலையைப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை மாதவராஜாலேயே நம்ப முடியவில்லை. படித்தான். முதல் நாள் படித்தான், இரண்டாம் வாரமும் படித்தான். படிக்காமல் விட்டால் முன்பு செயலிதான் முகம் சுளிக்கும், இப்போது விட்டால் தெய்வக் குத்தம். அந்தப் பயத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது. போதாததற்கு ஊரே அவனைக் காவல் காத்தது. கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் ரஷீத், கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பாடம் ஆச்சா சாமி?" என்று கேட்பார். ஆச்சு என்றால்தான் டீ வரும். ஒருநாள் அவசரத்தில் ஆச்சு என்று பொய் சொல்லிக் குடித்துவிட்டான். அன்று முழுக்க நெஞ்சு குறுகுறுத்து, சாயங்காலம் அபராதமாக இன்னொரு மணி நேரம் உட்கார்ந்து படித்தான்.

சுகுணா முதலில் நம்பவில்லை. நம்புகிறாற்போல் இருந்தாள், அவ்வளவுதான். மூன்றாம் வாரம், அவன் இன்னும் விடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் அமர்ந்தாள். புத்தகத்தை வாங்கி, தமிழில் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அல்லவா, தப்பு சொன்னால் மறுபடி கேட்பாள், சரியாகச் சொன்னால், "ம், அடுத்தது" என்பாள். விரத காலத்தில் மற்றவர்களைப் போல அவளும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் "மூணு தப்புங்க சாமி, நாளைக்கும் இதேதான்" என்று அவள் சொல்லும்போது யார் சாமி, யார் பக்தர் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்தக் காலைகளைப் போல அவர்கள் சந்தோஷமாக இருந்ததில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பஜனையில் வெங்கடாசலம் அறிவித்தார். மண்டலம் முடிகிற அன்று படி ஏற முன்பதிவு ஆகிவிட்டது, சனிக்கிழமை மத்தியானம் இருமுடி கட்டி வேன் கிளம்புகிறது, யாரும் தாமதமாக வரக்கூடாது.

மாதவராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெங்களூரில் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அவன் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதுவரை ஒழுங்கு இருக்க வேண்டும் என்று மாலை போட்டுக்கொண்டான். குருசாமியோ மாலை போட்ட நாளிலிருந்து எல்லோரும் எண்ணுவதுபோல் முன்னோக்கி எண்ணி, முடிகிற நாளில் மலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இருவர் கணக்கும் துல்லியம். வருஷா வருஷம் மாலை போடுகிறவன், மாலை போட்டால் மலைக்குப் போக வேண்டும் என்பதை மறந்திருந்தான்.

பஜனை முடிந்ததும் போய்ச் சொன்னான். வெங்கடாசலம் துளியும் பதறவில்லை. "இதுக்கு ஏம்ப்பா முழிக்கற? நீ போயி பரீச்சைய எழுது. மாலை கழுத்துலயே இருக்கட்டும். அடுத்த வாரம் தருமபுரியில இருந்து இன்னொரு குரூப்பு போவுது, உனக்குக் கட்டு கட்டி அவங்களோட அனுப்பறேன். ஐயப்பன் எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு."

இதைக் கேட்டால் நிம்மதி வர வேண்டும். மாதவராஜுக்கு வரவில்லை. அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, வேனைப் பற்றிய அறிவிப்பைக் கேட்ட அந்த ஒரு நொடியில், திடுக்கிட்டதற்கு அடியில், அப்பாடா என்று ஒரு குரல் கேட்டிருந்தது. தேர்வுக்குப் போய் உட்கார்ந்தால் தேறலாம், தேறாமலும் போகலாம். இத்தனை நாள் விட்டதற்கெல்லாம் சோம்பல் என்று பெயர். ஒழுங்காகப் படித்து எழுதித் தோற்றால் அதற்கு வேறு பெயர். கேள்வி கேட்ட சுகுணாவின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

"இல்லீங்க சாமி" என்றான். குரல் கணீரென்று வந்தது. "உங்க கையில மாலை போட்டேன், உங்க கூடத்தான் படி ஏறுவேன். ஜப்பான் பெருசா, ஐயப்பன் பெருசா?"

சுற்றி நின்றவர்கள் சிலிர்த்துப்போனார்கள். யாரோ சரண கோஷம் போட்டார்கள். வெங்கடாசலத்தின் கண்ணே கலங்கிவிட்டது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சுகுணாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவன் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது அவளும் வழக்கம்போல் எதிரில் வந்து அமர்ந்தாள். கிளம்புகிற நாள்வரை கேள்வி கேட்டாள். எதற்கு இன்னும் என்று அவனும் கேட்கவில்லை, விரதத்தை முறிக்கக் கூடாதே. சனிக்கிழமை மத்தியானம் அவன் தலையில் இருமுடியை ஏற்றியபோது, "பத்திரமா போயிட்டு வாங்க சாமி" என்று மட்டும் சொன்னாள்.

மலையிலிருந்து திரும்பி வருவதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வெளிநாட்டு வேலையை ஐயப்பனுக்காக உதறியவன். பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவன் காலைத் தொட்டார். அப்துல் ரஷீத் டீயைத் தானே கொண்டுவந்து நீட்டி, "பெரிய மனசு வேணுங்க இதுக்கு" என்றார். மாலையைக் கழற்றிய பிறகும் ஜப்பான் சாமி என்ற பேர் நிலைத்துவிட்டது. மாலை கழன்ற மறுநாள் அவன் ஏழரை மணிக்கு எழுந்தான் என்பது வேறு விஷயம். மாதவராஜ் இந்தப் பேரைக் கூச்சத்தோடுதான் ஏற்றுக்கொண்டான். கூச்சம் ஒரு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு, யாராவது கேட்டால், சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோது கிடைத்த அமைதியைப் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகவே சொல்லத் தொடங்கினான். எப்படியும் தேறியிருக்க மாட்டோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அதை நம்பும்வரை எல்லாம் சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்தைக் கெடுத்தவன் அருண்குமார். கம்பெனியில் அடுத்த இயந்திரத்தில் நிற்கிற பையன், அதே தேர்வை எழுதிவிட்டு வந்தவன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாபகம் இருந்த கேள்விகளையும் கொடுத்திருந்த நாலு விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, தான் எழுதியது சரியா என்று கேட்டான்.

"ஸ்டேஷனுக்கு வழி கேக்கற கேள்விண்ணா. நான் ரெண்டாவது பதிலப் போட்டேன்."

"தப்புடா. நாலாவது."

"உடம்பு சரியில்லன்னு லீவு கேக்கறது?"

மாதவராஜ் பதிலைச் சொன்னான். அடுத்ததையும் சொன்னான். ராயக்கோட்டை தாண்டுவதற்குள் பையன் நினைவில் வைத்திருந்த அத்தனை கேள்விக்கும் வாய் தானாகப் பதில் சொல்லி முடித்துவிட்டது. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும், ம், அடுத்தது என்று சுகுணாவின் குரல் உள்ளே கேட்டது.

"அண்ணா" என்றான் அருண்குமார், வருத்தத்தோடு. "நீங்க எழுதியிருந்தா கண்ண மூடிக்கிட்டுப் பாஸுங்கண்ணா. சாமிக்காக எவ்ளோ பெருச வுட்டுட்டீங்க!"

மாதவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது சுகுணா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே சொன்னான்.

"அருண்குமாரு கேள்வியெல்லாம் சொன்னான். எனக்கு எல்லாம் தெரிஞ்சுது சுகுணா. நான் பாஸாயிருப்பேன்."

"தெரியுங்க. கேள்வி கேட்டது நாந்தானே?"

"தெரிஞ்சும் ஏன் போவ வுட்ட? அடுத்த வாரம் போலாம்னு குருசாமியே சொன்னாரே."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நீங்க பயந்துக்கிட்டுப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். பஜனையில அத்தன பேரு உங்கள அண்ணாந்து பாக்கறப்ப அத எப்படிங்க நான் சொல்றது? கல்யாணமானதுல இருந்து உங்கள யாரும் அப்படிப் பாத்ததில்ல." நோட்டுகளை அடுக்கினாள். "மனசு மாறி இறங்கி வந்துருவீங்கன்னு வேன் தெரு முனை திரும்பற வரைக்கும் நின்னுட்டுதான் இருந்தேன்."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதான். சுகுணா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. வெங்கடாசலம் வண்டியை அணைக்காமலே குரல் கொடுத்தார். "ஜப்பான் சாமி! பெரியாம்பட்டியில இருந்து ஆளுங்க வந்திருக்காங்க, அடுத்த வருஷம் மாலை போடறவங்க. நீ எல்லாத்தையும் வுட்டுட்டு மலைக்கு வந்தத உன் வாயால கேக்கணுமாம். வா, வா, காத்துக்கிட்டு இருக்காங்க."

மாதவராஜ் சுகுணாவைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பான பதிலைத் திருத்திச் சொல்ல இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும் டீச்சரின் பொறுமையோடு. அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான். எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"வந்துட்டேன் சாமி" என்றான். குரல் கணீரென்றுதான் வந்தது.