துக்க வீட்டில் வாசித்த சிரிப்புப் புத்தகம்

பெரியப்பா இறந்த ஒன்பதாம் நாள், துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். எண்பதுகளின் கடைசி, எனக்குப் பதின்மூன்று வயது.

பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போய், ஒரு மில்லில் கிளார்க் வேலை பார்த்தவர். வீடு திரும்பியதும் இங்கிலீஷ் நாவலோடு அறைக்குள் போய்விடுவார். சற்று நேரத்தில் கெக்கேபிக்கே என்று சிரிப்புக் கேட்கும். என்ன சங்கதி என்று பெரியம்மா கேட்டால், "ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்பதோடு சரி. தளவாய்புரத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெரியம்மா, தன்னை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். இருபது வருஷம் இப்படியே போயிற்று.

பதினாறாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். மூக்குக் கண்ணாடி, பொடி டப்பா, நெத்திலிக் குழம்பு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. யாரோ அவர் சிரித்துச் சிரித்து வாசித்த இங்கிலீஷ் நாவல் ஒன்றை எடுத்து வந்தார்கள்.

"அது மட்டும் ஆகாது. வெந்நி அடுப்புல போடு" என்று பெரியம்மா அதை என் கையில் திணித்தார்.

அடுப்புவரை போனவள் அங்கேயே குந்தி, பிரித்து வாசித்தேன். எழுதியவர் உலகத்தையே சிரிக்க வைத்த வெள்ளைக்காரர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. பாதி வார்த்தை புரியவில்லை. ஆனாலும் பெரியப்பா பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கத்தில் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். பின்னாலேயே பெரியம்மா வந்தார்.

"அடிக்காத அவள. ஏட்டி, அதுல என்னையப் பத்தி என்ன இருக்கு? மறைக்காமச் சொல்லு."

சொன்னேன். ஒரு பெரிய மனிதர் தன் அத்தைக்குப் பயந்து சாப்பாட்டு மேசைக்கடியில் ஒளிகிறார். அத்தையோ அவர் முதுகை முக்காலி என்று நினைத்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விருந்து முழுவதையும் சாவகாசமாகச் சாப்பிட்டு முடிக்கிறாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் பெரியம்மா."

"இது எனக்குப் புரியாதாமா? அவிய சொல்லியிருந்தா நானும் கூடச் சிரிச்சிருப்பனேட்டி."

ஒன்பது நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அடுப்படியில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கு அவமானமாக இருந்தது. சிரிப்புக் கதையைச் சொல்லத் தெரியாமல் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பெரியம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, இந்தத் தடவை கையைக் காலை ஆட்டி, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.