மாவுப் பானையும் மஞ்சள் காடும்

எடப்பாடிக்கு மேற்கே இருக்கும் சகாயம்மாளின் ஒரு ஏக்கர் மஞ்சள் காட்டில், போன வருடம் பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. தோண்டினால் கையில் கூழாக வந்தது.

"இந்த வருசமும் இப்படின்னா, காட்டைச் சமன்பண்ணித் தறிக்கூடம் கட்டிப்புடலாம் புள்ள" என்றார் கணவர் அற்புதராஜ். விசைத்தறியில் தலை நரைத்த மனிதர். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுநாள் ஆறிவிடும். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அவளுக்கு அதுதான் பயம்.

வேளாண் அலுவலகத்தில் விசாரித்தாள். டிரைக்கோடெர்மா என்று ஒரு பொடி கொடுத்தார்கள். அது நல்ல பூஞ்சை. கிழங்கை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சையை அடக்கிவிடும். வெல்லத் தண்ணீரில் கரைத்து, மக்கிய சாணக் குப்பையில் தெளித்து, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடினால் குப்பை முழுக்கப் படரும். நடவுக்கு முன்னால் அதைக் காட்டில் இறைக்க வேண்டும்.

கரைப்பதற்கு அற்புதராஜ் ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். சாயப்பட்டறையில் காலியாகும் டிரம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும்.

ஒரு வாரம் கழித்துச் சாக்கைத் தூக்கினாள். குப்பை வெறும் குப்பையாகவே கிடந்தது.

"உன்ற பூஞ்சை லீவு போட்டுருச்சாட்டம் இருக்குது" என்று சிரித்தார் அற்புதராஜ்.

சகாயம்மாள் டிரம்முக்குள் தலையை நீட்டினாள். வெல்ல வாசனைக்கு அடியில் மூக்கைச் சுண்டும் ஒரு நெடி. எப்போதோ முகர்ந்த நெடி.

கல்யாணமான புதிதில் தறி வீதியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடினால் இந்தப் பக்கம் தட்டு ஆடும். காலை ஷிப்ட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் இட்லி சுட்டு விற்றாள். மாவு கரைக்கும் மண்பானைக்குச் சோப்பும் கிடையாது, சாம்பலும் கிடையாது, வெறும் தண்ணீர்தான். பழைய புளிப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால்தான் புது மாவு பொங்கும். ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, உதவி செய்கிறேன் என்று அற்புதராஜ் சாயப்பட்டறையிலிருந்து ப்ளீச்சிங் பொடி கொண்டுவந்து பானையைப் பளபளவென்று தேய்த்துவைத்தார். மறுநாள் மாவு அசையவே இல்லை. இட்லி கல்லாக வெந்தது.

தறிக்காரர் தங்கமுத்து ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அற்புதம், இது தின்றதுக்கா, தறியில பாரத்துக்குத் தொங்கவிடுற படிக்கல்லா?" என்றார். வீதியே சிரித்தது. காய்ச்சலோடு அவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்துச் சேர்த்த காசில் வாங்கியதுதான் இந்தக் காடு. அவர்கள் வீட்டில் அதற்கு இன்றைக்கும் இட்லிக் காடு என்றுதான் பெயர்.

டிரம்மிலிருந்து தலையை எடுத்தாள்.

"ஏனுங்க, இதுல முன்னால என்னங்க இருந்துச்சு?"

"ப்ளீச்சிங்தான். அதுதான் நாலு தண்ணி ஊத்தி நல்லாக் கழுவி..." அற்புதராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு மாவைக் கொன்னீங்க, இன்னிக்குப் பூஞ்சையைக் கொன்னீங்க. உங்க சுத்தம் நமக்கு ஆகாதுங்க."

அற்புதராஜ் ஏணியை எடுத்துவந்தார். அதைச் சாத்திப் பரண்மேல் ஏறி, அந்தப் பழைய மாவுப் பானையை இறக்கினார். கிணற்றுத் தண்ணீரும் அவரே சேந்தினார். அவள் அதே பொடியைப் புதிதாக வாங்கிவந்து கரைத்தாள். இந்தமுறை சாக்கைத் தூக்கியபோது குப்பைமேல் வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது. அற்புதராஜ் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"அடேங்கப்பா, தறியில பாவு நூல் ஓட்டுனாப்பல இருக்குது புள்ள!"

அந்தக் குப்பையைக் காட்டில் இறைத்து நட்டு, தை பிறந்து மஞ்சள் வெட்டினார்கள். வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் இந்த வருடமும் அழுகல்தான். மற்ற இடமெல்லாம் கிழங்கு கல்லுப்போல வந்தது. அற்புதராஜ் ஒன்றைப் படக்கென்று ஒடித்து முகர்ந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. தறிக்கூடம் கட்டித் தருகிற மேஸ்திரி.

"இல்லீங்க மேஸ்திரி, இப்ப வேண்டாமுங்க. காட்டுல இடமில்லீங்க" என்று சொல்லி வைத்தார்.

பிறகு வேப்பமரத்தடியில் கிடந்த பானையைப் பார்த்தார். "கழுவி வெச்சுறட்டுமா?"

"வெறும் தண்ணியிலதானுங்க" என்றாள் சகாயம்மாள், மண்வெட்டியைக் கீழே வைக்காமலே.