குறித்து வைக்காத தேதி

2024 ஜனவரி 6, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. ஆம்பூரில் கடும் மூடுபனி. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை, அதற்குப் பின்னால் மலையும் தெரியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "எல்லாம் வெள்ளையா இருக்குதுங்க" என்றாள்.

அவளுக்கு இருப்பது ஒரே கண். வலது கண் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே கண் அழுத்தத்தில் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றி, வியாழக்கிழமை வேலூரில் அறுவை செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்த டாக்டர், கண்ணில் வீக்கம் இருக்கிறது, மெல்லத்தான் வடியும், சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் என்றார். நிச்சயம் வடியுமா என்று கேட்டேன். பெரும்பாலும் வடியும் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகவே வெளியே பனி இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் கண்ணுக்கும் எல்லாம் வெள்ளைதான். பால்காரரின் வண்டிச் சத்தம் மட்டும் தெருவில் போயிற்று; வண்டியைக் காணோம். யாரோ இருமினார்கள், ஆள் இல்லை. வீடு தரையை விட்டு எழும்பி எங்கோ மிதப்பது போலவும், நாங்கள் இருவரும் ஒரே மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. அப்படியே இருந்துவிட்டால் போதும் என்றுகூட நினைத்தேன்.

எட்டரைக்குப் பனி விலகியது. தொட்டி வந்தது, மலை வந்தது. அவளுக்கு எதுவும் வரவில்லை.

அதன் பிறகு மணிக்கொரு தரம் அவள் முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டேன். மதியம் இரண்டு விரல் காட்டியபோது மூன்று என்றாள். மறுபடி நீட்டினேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் தோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். ஊறுகிற தோல் உள்வரைக்கும் பதமாகிவிட்டதா என்று அறிய, கழுத்தோரம் சின்னத் துண்டு அறுத்து வெட்டின இடத்தைப் பார்ப்போம். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் பதனிடும் சாறு இன்னும் உள்ளே இறங்கவில்லை; மறுபடி ஊற வேண்டும். நான் பொறுமையில்லாமல் ஒரே தோலை அடிக்கடி அறுப்பேன் என்று அங்கே கேலி செய்வார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"இன்னும் எத்தினி வாட்டி அறுத்துப் பாப்பீங்க?" என்றாள். "ஊற விடுங்க."

அந்தப் பேச்சு என்னுள் வேறோர் இடத்தில் போய் விழுந்தது. எங்கள் சபையில் சாட்சி சொல்கிறவர்கள், தாங்கள் மனம் திரும்பி இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். சிலர் மணியையும் சொல்வார்கள். மனைப் பத்திரம் பதிவான தேதி, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் என்னிடம் உண்டு. அந்த ஒரு தேதி மட்டும் இல்லை. ஞானஸ்நானத் தேதி இருக்கிறது. அன்று நான் கைக்குழந்தை. சாட்சி நேரம் வந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போய்விடுவேன். இரவில் படுத்துக்கொண்டு என்னையே கொஞ்சம் அறுத்துப் பார்ப்பேன். பயம், சந்தேகம், எரிச்சல். எழுபத்து மூன்று வயதிலும் நடுவில் அந்த வெளிறிய கோடு.

மறுநாள் ஞாயிறு. ஏதாவது நன்மை கிடைத்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் காரணத்தை எழுதி வைப்பது எங்கள் வழக்கம். ஆயர் அதை வாசிப்பார். நான் எப்போதும் காரியம் முடிந்த பிறகே வைப்பவன். பேத்தி பிறந்தபோதுகூட எடை போட்டுச் சொன்ன பிறகுதான் வைத்தேன். அன்று காலை ஏன் உறையை எடுத்தேன் என்று தெரியவில்லை. 'மனைவியின் கண்பார்வைக்காக' என்று எழுதினேன். பேனாச் சத்தம் கேட்டு என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"எவ்ளோ வச்சீங்க?"

"ஐந்நூறு. பார்வை வந்ததும் இன்னொரு ஐந்நூறு."

அவள் சிரித்தாள். "ஆண்டவருக்கே அட்வான்ஸா? தோலு பாஸானாத்தான் மீதியா?" பிறகு குரல் தணிந்தது. "எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. ஆனா அவரு வேலை பண்ணிட்டுதான் இருக்காரு. பாதியில எடுத்துப் பாக்க வேணாம்."

இன்னொரு நோட்டையும் வைத்து உறையை ஒட்டினேன்.

ஆயர் வாசித்ததும், பார்வை வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்து பெண்கள் வந்து வாழ்த்தியபோது, அவள் ஒரு தூணைப் பார்த்துச் சிரித்து நன்றி சொன்னாள். ஆட்டோவில் திரும்பும்போதுதான், காலையிலிருந்து நான் விரல் காட்டவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பார்வை வந்தது. என்றைக்கு என்று கேட்டால் தெரியாது. தொட்டி கறுப்பாகத் தெரிகிறது என்றாள் ஒரு நாள். பிறகொரு நாள், காபி கொண்டுபோன என்னிடம், "பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன், மாறித்தான் இருந்தது. அப்படியானால் இது எப்போது வந்தது? நேற்றா, அதற்கும் முன்பா? தேதி குறிக்க நாட்காட்டி வரை போனேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்து காபியைக் குடித்தேன்.

அடுத்து வந்த சாட்சி நேரத்தில் நான் ஜன்னலைச் சாத்தப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களின் தேதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு உறையில் போனது மொத்தம் ஆயிரம் ரூபாய்; மீதி பாக்கி இல்லை.