ஓடக் கூடாத மெஷின்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அங்கே டிஷ்யூ அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிற பொம்பளையை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால், அது நான்தான். செக்யூரிட்டி முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும். நான் திருட வரவில்லை, விலை பார்க்கவும் வரவில்லை. பாக்கெட்டின் அடியில் பொடியாக ஓர் எழுத்து அச்சடித்திருக்கும். எந்த லைனில், எந்த ஷிப்டில் தயாரான சரக்கு என்பதற்கு அடையாளம். என் வீட்டுக்காரருடைய ஷிப்டின் எழுத்து எனக்குத் தெரியும். அது கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

கடல் தாண்டி ஒரு தீவில் இருக்கிற பேப்பர் மில்லில் அவருக்கு வேலை. வாங்கி வந்த பாக்கெட்டை நான் பிரிக்க மாட்டேன். கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் வைத்துக்கொள்வேன். இந்தக் காகிதம் அவர் கண் முன்னால் ஓடித்தானே பெட்டிக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆள் பக்கத்தில் இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்து பாருங்கள், உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பாக்கெட் இந்த நாட்டுக்குள் நுழையவே கூடாது என்று டெல்லி வரைக்கும் போன கம்பெனியில்தான் எனக்கு வேலை.

ஆனேக்கல் தாண்டி ஒரு ஷெட். பெரிய பெரிய உருளைகளாக வரும் காகிதத்தை மடித்து, வெட்டி, கட்டுக் கட்டி, நின்றுகொண்டே சாப்பிடுகிற தர்ஷினி ஓட்டல்களுக்கும் ஐடி கேண்டீன்களுக்கும் டிஷ்யூ போடுகிற கம்பெனி. நான் கணக்குப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் ஃபிட்டராக இருந்தார். ஆறாம் நம்பர் மெஷின் அவருடையது. வேறு யாராவது அதில் கை வைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "பேசாம அதுக்கே தாலி கட்டியிருக்கலாமே" என்று கல்யாணமான புதிதில் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு வெளிநாட்டு டிஷ்யூ வந்தது. நாங்கள் உருளைக் காகிதம் வாங்குகிற விலைக்கே அவர்கள் மடித்து, அழகான பாக்கெட்டில் போட்டு, கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கேண்டீன்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முதலில் நின்றது ஆறாம் நம்பர். ஓடாத மெஷினை எத்தனை நாள் துடைத்துக்கொண்டு இருப்பது? அந்தச் சரக்கை அனுப்புகிற மில்லிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"நம்ம சோத்துல மண்ணைப் போட்டவன்கிட்டயே வேலைக்குப் போறேன், பார்த்தியா?" என்று ஏர்போர்ட்டில் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் பெட்டி கட்டுவது போலத் தோன்றும். மற்றபடி தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஃபோன். "எப்டி இருக்கே?" என்பார். "எனக்கின்னா, ஜம்முனு இருக்கேன். குறட்டைச் சத்தம் இல்லாம நிம்மதியாத் தூங்கறேன்" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் அப்படிப் பேசுவது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் காலையில் நான் குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அப்படி இருக்கையில்தான் எங்கள் முதலாளி, வேறு சில டிஷ்யூ கம்பெனிகளோடு சேர்ந்து டெல்லியில் மனுப் போடப் போவதாகச் சொன்னார். வெளிநாட்டு மில்காரர்கள் தங்கள் ஊரில் விற்கிற விலைக்கும் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்களா என்று ஒரு விசாரணை. அந்த ஊர் அரசாங்கம் மரத்தையும் கரண்டையும் சலுகையில் கொடுத்து அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறதா என்று இன்னொரு விசாரணை. அதனால் இங்கே இருப்பவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது என்று நிரூபித்தால், வருகிற சரக்குக்குக் கூடுதல் வரி போடுவார்கள்.

கேட்டதுமே என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. வரி விழுந்தால் சரக்கு வராது. சரக்கு வராவிட்டால், இந்தியாவுக்கென்றே ஓடுகிற என் வீட்டுக்காரருடைய லைன் நிற்கும். லைன் நின்றால் அவர் வருவார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நான் பேய் மாதிரி வேலை செய்தேன். எந்த மெஷின் எப்போது நின்றது, எந்த கேண்டீன் எப்போது கைவிட்டது என்று தோண்டித் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். "கம்பெனி மேல இந்தப் பொண்ணுக்கு இன்னா பாசம்!" என்று முதலாளி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பாசம்தான். கம்பெனி மேல் இல்லை.

வீட்டுக்காரரிடமும் மறைக்கவில்லை. "உங்க லைனுக்கு வேட்டு வெக்கிறேன், ரெடியா இருங்க" என்றேன். "வைம்மா, வை. டெல்லிலருந்து இங்கயும் கேள்வி மேல கேள்வியா அனுப்பியிருக்காங்க, ஆபீஸே அல்லோலகல்லோலப்படுது" என்று அதற்கும் சிரித்தார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள், அதிகாரிகள் ஷெட்டை நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் முதலாளி தங்கமான மனுஷர். தாத்தா காலத்திலேயே பெங்களூரில் வந்து நிலைத்த குடும்பம். வீட்டுக்கு ஆள் வந்தால் ஒரு குறையும் கண்ணில் படக் கூடாது என்று வளர்ந்தவர். அதுதான் வினையாகிவிட்டது.

அன்றைக்கு என் பஸ் சந்தாபுரம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. அடித்துப் பிடித்து ஷெட்டுக்கு வந்தால், கேட்டிலேயே சத்தம் காதை அடைத்தது. வாசலில் மாவிலைத் தோரணம். ஆயுத பூஜைக்கு வைப்பது போல எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்து ஊதுபத்தி கம்பெனி ஆட்களைக் கூட்டி வந்து, தொப்பி மாட்டி, மெஷினுக்கு ஒருவராக நிறுத்தி வைத்திருக்கிறார் முதலாளி. எல்லா மெஷினும் ஓடுகிறது. ஆறாம் நம்பரும் ஓடுகிறது.

"இன்னாண்ணா இது!" என்றேன்.

"எப்டி இருக்கு?" அவருக்கு முகமெல்லாம் பல்.

"மெஷினு நிக்குது, அடி வாங்கிட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கோமேண்ணா! அதைப் பார்க்கத்தானே வர்றாங்க!"

"அது எழுதறதுக்கும்மா. டெல்லிலருந்து பெரிய மனுஷங்க வர்றப்ப, மெஷினை நிறுத்தி வெச்சு ஈ ஓட்டிக்கினு நிக்கச் சொல்றியா? எங்கப்பா பேரு இன்னா ஆவறது?"

வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

வந்த இருவரில் பெரிய அதிகாரி ஒரு அம்மாள். காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. முதலாளி கும்பிட்டு உள்ளே அழைத்து வந்து, "ஆல் ரன்னிங், மேடம்! ஃபுல் ரன்னிங்!" என்று கையை வீசிக் காட்டினார். அந்த அம்மாள் மெஷின்களைப் பார்த்தார். கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பாதி மெஷின் நிற்பதாக எழுதியிருக்கிறீர்களே என்று இங்கிலீஷில் கேட்டார். முதலாளி இன்னும் இளித்துக்கொண்டே நிற்கிறார்.

போச்சு, அவர் வர மாட்டார், இந்த மனுஷனுடைய தோரணத்தில் என் வாழ்க்கையே போச்சு என்று நினைத்தேன். அதற்கு மேல் மானம் பார்க்க எனக்கு நேரமில்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டில் பேரம் பேசக் கற்ற இந்தியில் கத்தினேன். "மேடம், யே ரோஜ் பந்த்! ஆஜ் ஆப்கே வாஸ்தே சாலு!" தினமும் நின்று கிடக்கிற மெஷின், இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று ஓடுகிறது. இதற்கு மேல் எனக்கு இந்தி தெரியாது. கையை ஆட்டி ஆட்டி அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

அந்த அம்மாள் நேராக ஆறாம் நம்பரிடம் போனார். வெட்டி விழுகிற டிஷ்யூ ஒன்றை எடுத்து விரித்தார். நடுவே பழுப்பாக ஒரு கோடு. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே கோடு. கத்தி துருப்பிடித்துப் போயிருந்தது. ஓடுகிற மெஷினில் துரு எங்கிருந்து வரும்? அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"சிக்ஸ்... ஸ்டாப், மேடம். லாங் டைம்" என்றார் முதலாளி, தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மற்ற ஊர்களில் ஓடுகிற மெஷினை நிறுத்திக் காட்டுவார்கள், நின்ற மெஷினை ஓட்டிக் காட்டியவர்கள் நீங்கள்தான் என்றார். அதன் பிறகு கரண்ட் பில்லையும் விற்பனைக் கணக்கையும் வைத்துக்கொண்டு என்னைக் குடைந்து எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். சாயங்காலம் முதலாளி என் மேஜையில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நானும் குடித்தேன்.

மாதங்கள் ஆயின. வரி வந்தது.

ஷெட்டில் எல்லோருக்கும் மைசூர் பாகு. ஆறாம் நம்பருக்குப் புதுக் கத்தி வாங்கி மாட்டினார் முதலாளி. "உன் வூட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அவர் கைதான் அதுக்கு சரி" என்றார். நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய மில் பாக்கெட்டுகள் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அந்த அடுக்கில் வேறு ஏதோ சோப்பு உட்கார்ந்திருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து தலையணை உறைகளைத் துவைத்தேன். அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி டப்பாவில் போட்டு வைத்தேன். பீரோவில் பாதி இடத்தை ஒழித்தேன்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது.

"லைனை மூடிட்டாங்க" என்றார்.

"வெச்சேன் பாத்தீங்களா வேட்டு!" என்று கெக்கலித்தேன்.

அவரும் சிரித்தார். பிறகு, "வேற மில்லுக்குப் போறேன். இன்னும் தள்ளி, வேற தீவு. அட்டை போடற மில்லு" என்றார்.

"அவங்க மாத்தினா மாத்தட்டும். முடியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"அவங்க ஊருக்குப் போன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேட்டு வாங்கினேன்."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேனா, நினைத்தேனா, தெரியவில்லை.

"அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்? நீ உன்பாட்டுக்கு நல்லா இருக்கே. இத்தினி வருஷத்துல ஒரு நாளாவது வாங்கன்னு என்கிட்ட சொல்லியிருக்கியா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது.

தெரியாத பாஷையில் டெல்லிக்காரம்மாவிடம் கத்திய வாய் இது. சொந்தப் புருஷனிடம் தமிழில் நாலு வார்த்தை பேச இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

"எனக்கு நீங்க வேணும்" என்றேன். "என்னால முடியலைங்க. வந்துடுங்க."

 

"இதைப் போன வாரம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே."