கிளம்பும் சத்தம்

என் அக்காவின் கணவர் முப்பது வருடமாக நகராட்சியின் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். அலுவலகத்தில் அவருக்கு 'சைலன்சர்' என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இப்படிப்பட்டவர் துக்க வீட்டில் எப்படித்தான் சமாளிக்கிறார் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நான் எதுக்குப் பேசணும்? நேரம் ஆனா வண்டிய ஸ்டார்ட் பண்ணுவேன். அவங்களுக்கே புரிஞ்சிடும்" என்றார்.

உண்மைதான். அந்தப் பழைய டீசல் வண்டி வாசலில் உறுமியதும் உள்ளே அழுகை ஓங்கும், நாலு பேர் எழுந்து வந்து தூக்குவார்கள். 'எடுக்கலாமா' என்கிற பாழாய்ப்போன வார்த்தையை மாமா ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த வருடம் நகராட்சி எல்லா வண்டிகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. முதலில் குப்பை வண்டி, அப்புறம் தண்ணீர் லாரி, கடைசியில் மாமாவுடையது. சார்ஜர் பொருத்தியவன் நான் என்பதால் முதல் நாள் என்னையும் முன்சீட்டில் ஏற்றிவிட்டார்கள். ஓடுகிற மாதிரியே தெரியவில்லை. மரநிழல்கள் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அணில் ஒன்று நாங்கள் பக்கத்தில் வரும்வரை நடுத்தெருவில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல் போய்ச் சேர்ந்தோம்.

இறந்தவர் ஒரு தையல்காரரின் மனைவி. தையல்காரர் அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு மயானத்தில் இருக்க வேண்டும். பத்தரைக்கு மாமா பழக்கதோஷத்தில் வண்டியேறிப் பட்டனை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. உள்ளே ஒருவரும் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மதில்மேல் இருந்த காக்கைகூடப் பறக்கவில்லை.

"மாப்ளே, நீ போய்ச் சொல்லேன்."

"நல்லா இருக்கே! அது உங்க வேலை மாமா."

கையைப் பிசைந்துகொண்டு கதவருகே நின்றார். மூன்று முறை வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மயானத்திலிருந்து போன் வந்தது, அதையும் எடுக்கவில்லை. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் சுவரிலிருந்து மெல்லத் தரைக்கு இறங்கியது. தையல்காரர் தணிந்த குரலில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டாராம். ஊருக்கெல்லாம் தைத்துவிட்டு மனைவியின் நீல ரவிக்கையைக் கடைசிவரை தைக்காதது தன் தப்புதானாம். கேட்டுக்கொண்டு நின்றதில் நேரம் எங்கோ மிதந்து போனது. பதினொன்றும் தாண்டிவிட்டது.

பிறகு தையல்காரர் தானாகவே மனைவியின் கையை எடுத்து அந்த அம்மாவின் மார்மேல் வைத்தார்.

"எல்லாம் சொல்லிட்டேன். போலாம் தம்பி" என்றார் மாமாவைப் பார்த்து.

மயானத்திலிருந்து திரும்பும் வழியில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"முப்பது வருஷம் மாப்ளே. ஒருத்தரையும் பேசி முடிக்க விடாம விரட்டியிருக்கேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் அம்மாவை எடுத்த அன்றும் அவர்தான் ஓட்டினார். அக்கா அம்மாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி உறுமியதும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தாள். அது என்னவென்று இன்றுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"வீட்டுக்கு விடுங்க மாமா" என்றேன். "அக்காகிட்ட நீங்க ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு."