முப்பத்து மூன்றாம் பக்கம்

முகம்மது காசிம் நௌபர். பிறப்பு 1955. மன்னாரில் முதல் முப்பத்தைந்து ஆண்டுகள், புத்தளத்தில் இருபத்தொன்று, 2011 முதல் இன்றுவரை மீண்டும் மன்னாரில்.

சனிக்கிழமை முற்பகலில் பாண் ரொட்டியின் கரையைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு, உள்ளிருக்கும் வெண்மையை மட்டும் எடுத்து நெல்லிக்காய் அளவில் உருட்டிக்கொள்வார். பாண் முதல் நாளையதாக இருக்க வேண்டும். அன்றையது ஒட்டும், அதற்கும் முந்தியது உதிரும். உருண்டையைப் பழைய புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, ஒரே திசையில், பூனைக்குட்டியைத் தடவுவதுபோல மெல்லத் தேய்ப்பார். பென்சில் கீறல் பாணில் ஏறிவிடும், தாள் வெளுக்கும். அழிறப்பர் தாளின் நாரையும் அச்சு மையையும் சேர்த்து உரித்துவிடும் என்பது புத்தளத்தில் புத்தகம் கட்டும் ஒருவரிடம் அவர் கற்ற பாடம்.

“மனுசர் தின்னுறதுக்குப் பாண் வாங்குவாங்க. இவர் கடதாசிக்குத் தீன் போடுறார்” என்பது அவருடைய மனைவி றாபியாவின் வாராந்த முறைப்பாடு.

அவர் சேர்ப்பவை துப்பறியும் மாத நாவல்கள்: தொண்ணூற்றாறு பக்கம், சாணித்தாள், இரண்டு கம்பித் தையல். அட்டையில் ஒரு துப்பாக்கி, திடுக்கிட்ட ஒரு பெண், பின்னால் ஆளில்லாத ஒரு நிழல். வாசித்து முடித்ததும் பஸ்ஸிலேயே விட்டுச் செல்வதற்கென்று அச்சிடப்பட்டவை. அவரிடம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று உள்ளன. மூன்று இரும்பு அலுமாரிகளில், மாதவாரியாக, வேப்பிலைச் சருகுடன் அடுக்கியிருக்கிறார். சோளகக் காற்று ஈரமின்றி வீசும் நாட்களில் இருபது இருபதாக வெளியே எடுத்து, கூடத்துக் கொடியில் துணிபோல மடித்துப் போட்டுக் காற்று வாங்க விடுவார். வெயில் படவிடமாட்டார்.

சேர்க்கும் முறையும் அவருடையதே. இலுப்பைக்கடவையில் ஒரு பலசரக்குக் கடை கச்சான் கடலை சுற்றுவதற்குப் பழைய தாள் வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், ஒரு மூட்டை புதிய செய்தித்தாளுடன் பஸ் ஏறிவிடுவார். நிறைக்கு நிறை மாற்றுவார். கடைக்காரருக்கு மகிழ்ச்சி, புதிய தாள் அகலமானது. பாப்பாமோட்டையில் ஒரு கமக்காரர் வீட்டுக் கூரை வளையில் பதினேழு பிரதிகள் எலிக்குத் தப்பிக் கிடந்தன. அவற்றைப் பெற அவர் மூன்று போகம் போய்வந்தார். அட்டை இல்லாதவற்றையும் எடுப்பார். “சட்டை இல்லையெண்டு பிள்ளையை விட்டுட்டு வாறதே?” என்பார்.

அஸர் தொழுகைக்குப் பின் ஒன்றை எடுத்து வாசிப்பார். கடைசி அத்தியாயத்தை அன்றே வாசிப்பதில்லை. மூடிவைத்துவிட்டு, கொலையாளி யாரென்று ஊகித்து மனைவியிடம் சொல்வார். ஒரு நாவலையும் திறந்தறியாத றாபியாவிடம் எப்போதும் ஒரே விடைதான் உண்டு.

“புருசன்தான்.”

“ஆற்ற புருசன்? கதையில நாலு புருசன்மார் இருக்கினம்.”

“ஆற்றயா இருந்தா என்ன? புருசன்தான்.”

பாதிக்கு மேற்பட்ட நாட்களில் றாபியா சொல்வதே சரியாகிவிடுவது நௌபருக்குத் தீராத மனக்குறை.

இச்சேகரிப்பின் வேர் 1976இல் இருக்கிறது. மன்னார்க் கடைத்தெருவில், ஒரு தையற்கடையின் மூலையில், அவர் வாடகைப் புத்தகக் கடை நடத்தினார். தலைமன்னாருக்கு வந்த கப்பற் பயணிகள் கைமாற்றிய பிரதிகளே முதல் இருப்பு. இவ்வகை நாவல்களில் ஒரு தொல்லை உண்டு: ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். பாதி வாசித்த பின்புதான் முன்பே வாசித்தது என்று தெரியவரும். எனவே வாசகர்கள் தத்தமக்கென ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டார்கள். வாசித்து முடித்ததும் முப்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் அதைப் பென்சிலால் இடுவார்கள். அடுத்த முறை கடையில் அந்தப் பக்கத்தை மட்டும் விரித்துப் பார்த்தால் போதும். வங்கி எழுதுவினைஞருக்கு ஒரு முக்கோணம். ஆஸ்பத்திரித் தாதி ஒருவருக்கு ஐந்திதழ்ப் பூ. ஏன் முப்பத்து மூன்று என்று, அவருடைய சேகரிப்புக்கு அட்டவணை எழுதித்தரும் நான் கேட்டேன். “முதல் கொலை அதுக்குள்ள விழுந்திடும். அதுமட்டும் வந்தவன் கடைசிமட்டும் போவான்” என்றார்.

1990 ஒக்ரோபரில், போரின்போது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, கடையிலிருந்த நாவல்களை மூன்று தேயிலைப் பெட்டிகளில் அடைத்து, தோட்டவெளியில் மேசன் வேலை செய்த நண்பர் வின்சன்டின் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வின்சன்டும் பின்னர் குடும்பத்தோடு இரண்டு முறை இடம்பெயர நேர்ந்தது. இருபத்தொரு ஆண்டு கழித்து நௌபர் போய் நின்றபோது வின்சன்ட் நெடுநேரம் தலையைச் சொறிந்தாராம். “ஒண்டை வெள்ளம் கொண்டுபோட்டுது. ஒண்டைக் கறையான் திண்டுட்டுது. மிச்சத்துக்கு மேலதான் நான் படுக்கிறனான்.” அந்த மிச்சப் பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு பிரதிகள் இருந்தன.

அவற்றைத்தான் நௌபர் பாணால் துடைக்கத் தொடங்கினார். அச்சகத்திலிருந்து வந்த கோலத்தில் ஒரு முழுத் தொகுதி இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அட்டைப் பெண்களுக்கு யாரோ வரைந்த மீசைகளைத் துடைத்தார். முதற்பக்கத்திலேயே “டொக்டர்தான் கொலைகாரன்” என்று எழுதிவைத்த மகானுபாவரின் கைவண்ணத்தைத் திட்டித் திட்டித் துடைத்தார். முப்பத்து மூன்றாம் பக்கங்களையும் துடைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் இருநூற்றுப் பதினொன்று முடிந்தன, மூன்று மிஞ்சின.

அந்த மூன்றில் ஒன்றில் அவர் கை வைத்திருந்த காலையில் ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஐம்பதை அண்டிய வயது. நண்டு பதனிடும் நிலையத்தின் நீலச் சட்டை. அட்டவணை எழுதும் வேலையாக நானும் அங்கிருந்தேன்.

“நௌபர் நானா வீடுதானே? நான் பேசாலை. அன்ரோனெற். எமில்ட தங்கச்சி.”

“எந்த எமில்?”

“நங்கூரம் கீறுற எமில்.”

நௌபர் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். “வாங்கோ தங்கச்சி, இருங்கோ. றாபியா, தேத்தண்ணி!”

எமில் 1987 தை மாதத்தில் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வீட்டிலிருந்த ஒரே படம் பின்னைய இடப்பெயர்வில் தொலைந்தது. நௌபரிடம் பழைய புத்தகங்கள் தப்பியிருப்பதாகப் பேசாலையில் யாரோ சொன்னதைக் கேட்டு, அன்ரோனெற் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

“அண்ணான்ர கைபட்டது எண்டு எங்களிட்ட ஒரு துண்டுமில்லை, நானா. அந்த நங்கூரத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன். தாங்கோ எண்டு கேக்க வரேல்ல.”

நௌபரின் விரல்களுக்கிடையில் பாண் உருண்டை இருந்தது. வெள்ளம் கொண்டுபோன பெட்டியும் கறையான் தின்ற பெட்டியும் அவருக்குக் கைவசம் இருந்தன. அவற்றோடு போயிற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் உருண்டையை மேசையில் வைத்தார்.

“இருந்தது, தங்கச்சி. நான்தான் துடைச்சுப்போட்டன். இந்தப் பாணால.”

அன்ரோனெற் பாணைப் பார்த்தார்.

“ஏன், நானா?”

“வடிவா இருக்கட்டும் எண்டு.”

தேநீரோடு வந்து நின்ற றாபியா தட்டை மேசையில் வைத்தார். “நான் எப்பவும் சொல்றதுதான்” என்றார். “புருசன்தான்.” ஒருவரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

நௌபர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவது அலுமாரியைத் திறந்தார். அதில் இருந்தவை வின்சன்ட் காப்பாற்றிய பிரதிகள். அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார்.

“எமிலுக்குக் கடல் வாற கதை ஆகாது. ‘விடிய விடியப் பாக்கிறது காணாதோ, நானா’ எண்டுவான். அவனுக்கு ரயில். ரயிலில பிரேதம் கிடக்க வேணும்.” ரயில் அட்டைகள் ஏழு அகப்பட்டன. “அவன் அழுத்திக் கீறுறவன். கடைப் பென்சில் ரெண்டை முறிச்சவன்.”

ஒவ்வொன்றிலும் முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, பின்புற ஓரத்தில் நடுவிரலை ஓட்டினார். முதல் மூன்றிலும் ஒன்றுமில்லை. நான்காவதில் விரல் நின்றது. அதே இடத்தில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

“இஞ்ச. கையை வையுங்கோ.”

அன்ரோனெற் விரலை வைத்தார், தடவினார், மற்றக் கையை வைத்தார். பிறகு இரு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

“தெரியேல்ல, நானா. நண்டு உடைச்சு உடைச்சு விரல் செத்துப்போச்சு.”

நௌபர் பிரதியை யன்னலுக்குக் கொண்டுபோனார். ஒரு கதவைச் சாத்தி, மற்றதை ஒரு சாண் அளவு திறந்து வைத்தார். வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வந்தது. தாளை நெஞ்சுயரத்தில் கிடையாகப் பிடித்து, மெல்ல மெல்லச் சரித்தார். ஒரு சரிவில் தாள் வெறும் தாளாக இருந்தது. அதற்கு அடுத்த சரிவில், பென்சில் அழுந்திய பள்ளங்களில் நிழல் விழுந்தது. பெருவிரல் நகத்தளவில் ஒரு நங்கூரம். வளையமும் தண்டும் தெளிவாக இருந்தன. இரண்டு கைகளில் ஒன்று குட்டை.

அன்ரோனெற் கிட்ட வந்தார்.

“வலது கை குட்டை” என்றார். “எப்பவும் அப்பிடித்தான். எங்கட குசினிக் கதவிலயும் கீறி வைச்சிருந்தவர். அம்மா ஏசினவா, ‘நொண்டி நங்கூரம் படகை எப்பிடியடா பிடிக்கும்’ எண்டு.”

நௌபர் கையை அசைக்காமல் நின்றார். அவர் அழிறப்பர் பாவித்திருந்தால் அந்தப் பள்ளத்தின் விளிம்புகள் மிஞ்சியிரா. தேநீர் ஆறிப் போகும் வரையில் தாள் அந்தச் சரிவிலேயே இருந்தது.

2011 முதல் அவ்வீட்டிலிருந்து ஒரு பிரதியும் வெளியே போனதில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கமுள்ள நானே அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். நௌபர் அந்த நாவலைச் செய்தித்தாளில் சுற்றி அன்ரோனெற்றிடம் நீட்டினார்.

“வாசிச்சுப்போட்டுக் கொண்டு வாங்கோ. முப்பத்து மூண்டில உங்கட அடையாளத்தையும் போடுங்கோ. பென்சிலால.”

“எனக்கு அடையாளம் ஒண்டும் இல்லையே, நானா.”

“யோசிச்சு வையுங்கோ. அவசரமில்லை.”

படலையடியில் அவர் திரும்பி நின்றார். “இதில ஆர் கொலைகாரன்? அண்ணா ஒரு நாளும் முடிவு சொல்லமாட்டார்.”

றாபியா வாயைத் திறந்தார். நௌபர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். “தொண்ணூறாம் பக்கத்துக்குப் பிறகு தெரியும், தங்கச்சி.”

அன்ரோனெற் போன பின்பு நௌபர் மேசைக்கு வந்தார். அவர் துடைத்துக்கொண்டிருந்த பிரதி விரித்தபடி கிடந்தது. தாதியின் பூ, ஐந்து இதழ்களில் இரண்டு போயிருந்தன, மூன்று இருந்தன. அதை அப்படியே மூடி, மற்ற இரண்டோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பாணின் கரைகளையும், மிச்ச வெண்மையையும், கறுத்துப்போன உருண்டைகளையும் கூட்டி அள்ளினார். உருண்டைகளைக் குப்பைக் கூடையில் இட்டார். மிச்சத்தைத் தெருவுக்குக் கொண்டுபோய், மதிலோரம் நின்ற இரண்டு கழுதைகளுக்கு உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவை தின்று முடிக்கும் வரை நின்றார்.

கடதாசியின் மேல் அவர் கடைசியாகப் பாண் தேய்த்தது 2023 செப்ரெம்பர் 16, சனிக்கிழமை.